கசிந்துபோன வாயு

சூடேறும் பூமி: வரலாற்றுத் தொடர் – 9

1960களின் பிற்பகுதி. செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில் ஓர் இளம் பொறியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் பிறந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். பெட்டிக்குள் அடைக்கப்பட்ட குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது, அதை எப்படி நிறுத்துவது என்று கண்டறிவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

வாயு போனால் குளிர்ச்சி போகும். பெட்டி திரும்பி வரும். நிறுவனத்துக்கு நஷ்டம். அந்த வாயுவைப் பற்றி அன்று யாருக்கும் இருந்த கவலை அவ்வளவுதான். கசிந்தது காற்றோடு போயிற்று என்று விட்டுவிட்டார்கள். அது எங்கே போகிறது, போன இடத்தில் என்ன செய்கிறது என்று கேட்க ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்தப் பொறியாளரின் பெயர் வீரபத்ரன் ராமநாதன். 1975இல் அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் அவர் எழுதிய மூன்றே பக்கக் கட்டுரை, கசிந்த வாயு எங்கே போயிற்று என்ற கேள்விக்கு ஒரு விடையைச் சொன்னது. புவி வெப்பமாதலின் வரலாறு அந்தக் கட்டுரையோடு ஒரு புதிய திருப்பத்தை எடுத்தது.

இத்தொடரின் முந்தைய அத்தியாயங்கள் கரியமில வாயுவின் தடத்தில் நடந்தவை. 1856இல் யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துச் செய்த சோதனை, 1859இல் தொடங்கிய ஜான் டிண்டலின் அளவீடுகள், 1896இல் ஸ்வான்டே அரீனியஸ் போட்ட கணக்கு, 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் எடுத்துவந்த பதிவு. நூறாண்டுக்கு மேலாக எல்லோர் கண்ணும் நிலக்கரியின் புகை மீதும் எண்ணெயின் புகை மீதும்தான் இருந்தது. புகையே வராத ஒரு பொருள், கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயு பூமியைச் சூடாக்க முடியும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நஞ்சில்லாத குளிர்

அந்த வாயு பிறந்த கதை நல்ல நோக்கத்தில் தொடங்குகிறது. 1920களில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி ஆபத்தான பொருளாக இருந்தது. அதற்குள் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு போன்றவை ஓடின. குழாய் கசிந்தால் உயிர் போகும். பெர்லினில் ஒரு குடும்பமே இரவுத் தூக்கத்தில் இப்படி மாண்டுபோன செய்தியைப் படித்து மனம் கலங்கிய ஆல்பர்ட் ஐன்ஸ்டைன், தன் இளம் நண்பர் லியோ சிலார்டோடு சேர்ந்து, கசிவுக்கு இடம் கொடுக்கும் அசையும் பாகங்களே இல்லாத ஒரு குளிர்சாதனப் பெட்டியை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அது சந்தைக்கு வரவில்லை.

சந்தைக்கு வந்தது வேறொன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி 1928இல் கார்பன், குளோரின், ஃப்ளூரின் மூன்றையும் இணைத்த சேர்மங்களைக் குளிரூட்டியாகப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். குளோரோஃப்ளூரோகார்பன் என்பது அவற்றின் வேதிப்பெயர், சுருக்கமாக சி.எஃப்.சி. டூபாண்ட் நிறுவனம் ‘ஃப்ரியான்’ என்று வணிகப் பெயரிட்டது. 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மீது மெல்ல ஊதினார். சுடர் அணைந்தது, மிட்ஜ்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. நஞ்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதை ஒரே மூச்சில் அவர் காட்டிவிட்டார்.

குளிர்சாதனப் பெட்டி அடுப்படிக்குள் பயமில்லாமல் நுழைந்தது. தடுப்பூசிகளும் பாலும் மீனும் கெடாமல் ஊர் விட்டு ஊர் போயின. பிறகு அதே வாயு ஏ.சி. இயந்திரங்களுக்குள் போனது. வாசனைத் தெளிப்பான், பூச்சிமருந்து, வண்ணப்பூச்சு டப்பாக்களில் உந்துவாயுவாக அடைக்கப்பட்டது. மெத்தைக்கான நுரையை ஊதவும், மின்னணுப் பாகங்களைக் கழுவவும் பயன்பட்டது. 1970களின் நடுவில் முக்கியமான இரண்டு சி.எஃப்.சி.கள் (சி.எஃப்.சி.-11, சி.எஃப்.சி.-12) மட்டும் உலகில் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டன் உற்பத்தியாயின. தெளிப்பானில் அடைத்தது அன்றே காற்றுக்குப் போனது. குளிர்சாதனப் பெட்டியில் அடைத்தது சில ஆண்டுகள் கழித்துப் போனது.

மிட்ஜ்லி 1944 நவம்பரில் இறந்தார். அதே 1944 நவம்பரில்தான் சென்னையில் ராமநாதன் பிறந்தார்.

கப்பலில் ஏறிய கருவி

கசிந்த வாயுவைக் காற்றில் முதலில் தேடிப் பிடித்தவர் ஜேம்ஸ் லவ்லாக் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர். காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால்கூட இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் ஒரு கருவியை அவரே உருவாக்கி வைத்திருந்தார். 1971இல் ‘ஷாக்கில்டன்’ என்ற ஆய்வுக் கப்பலில் அந்தக் கருவியோடு ஏறி, பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா வரை வழியெங்கும் காற்றைச் சோதித்தார். தொழிற்சாலையே இல்லாத தென்கடலின் நடுவிலும் சி.எஃப்.சி. இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உலகம் அதுவரை உற்பத்தி செய்து வெளியே விட்ட அந்த வாயு ஏறக்குறைய முழுவதும் காற்றிலேயே தங்கியிருந்தது. மழை அதைக் கழுவவில்லை. கடல் அதை விழுங்கவில்லை. எதனோடும் வினைபுரியாத குணம் என்று எதை மிட்ஜ்லி பெருமையாகக் காட்டினாரோ, அதே குணம்தான் அதை அழியவிடாமல் வைத்திருந்தது. சி.எஃப்.சி.-11 வளிமண்டலத்தில் ஏறத்தாழ 50 ஆண்டு தங்கும், சி.எஃப்.சி.-12 ஏறத்தாழ 100 ஆண்டு.

இவ்வளவு சொற்பமான வாயுவால் எந்த ஆபத்தும் வராது என்றே 1973இல் லவ்லாக் எழுதினார். பிற்காலத்தில் அந்த வரிக்காக அவர் வருந்தினார். ஆனால் அவருடைய அளவீடு கலிஃபோர்னியாவில் இர்வைன் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஷெர்வுட் ரோலண்டை யோசிக்க வைத்தது. கீழ்க்காற்றில் அழியாத பொருள் மேலே போனால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியை அவர் மெக்சிகோவிலிருந்து வந்திருந்த இளம் ஆய்வாளர் மரியோ மொலினாவிடம் ஒப்படைத்தார். விடை 1974 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. சி.எஃப்.சி. மெல்ல மெல்ல மேலேறி ஸ்ட்ராடோஸ்ஃபியர் எனப்படும் மேலடுக்கை அடையும். அங்கே புற ஊதாக் கதிர் அதை உடைத்துக் குளோரின் அணுவை விடுவிக்கும். அந்தக் குளோரின் அணு தான் அழியாமலே ஆயிரக்கணக்கில் ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும்.

அடைபட்ட சாளரம்

ராமநாதன் இதற்குள் அமெரிக்கா வந்துவிட்டிருந்தார். செகந்திராபாத் வேலையை விட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலை முடித்து, 1970இல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் ராபர்ட் செஸ் என்ற பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவர் வந்திறங்கிய நேரத்தில் செஸ் தன் ஆய்வுத் துறையையே மாற்றிக்கொண்டு, வேற்றுக் கோள்களின் வளிமண்டலத்துக்குப் போயிருந்தார். மாணவரும் கூடவே போக வேண்டியதாயிற்று. பொறியாளர், செவ்வாயிலும் வெள்ளியிலும் வெப்பம் எப்படித் தங்குகிறது என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டார். வெள்ளியின் காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு. அதன் தரை ஈயத்தையும் உருக்கும் அளவுக்குக் கொதிக்கிறது. பசுங்குடில் விளைவைக் கற்க அதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடையாது.

1974இல் முனைவர் பட்டம் பெற்று நாசாவின் லாங்லி ஆய்வு மையத்துக்குச் சென்றார். மொலினாவும் ரோலண்டும் எழுதிய சி.எஃப்.சி. விவகாரம் அப்போதுதான் எங்கும் பேச்சாக இருந்தது. பெயரைக் கேட்டதும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. செகந்திராபாத்தில் தான் கசியாமல் அடைக்கப் பாடுபட்ட அதே வாயு! எல்லோரும் அது ஓசோனை என்ன செய்யும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோள்களின் வெப்பத்தைப் படித்திருந்த ராமநாதன் வேறு கேள்வி கேட்டார். அது பூமியின் வெப்பத்தை என்ன செய்யும்?

அவர் கண்டதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பகலெல்லாம் வெயிலில் சூடேறிய வீடு இரவில் அந்தச் சூட்டை வெளியே விட வேண்டும். பூமியும் அப்படித்தான், வெயிலை வாங்கி, அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. காற்றில் 99 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்தக் கதிரைத் தடுப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும் தடுக்கின்றன. ஆனால் அவை இரண்டும் எல்லா அலைநீளத்தையும் அடைத்துவிடுவதில்லை. 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் கதிர் பெருமளவு தடையின்றி வெளியே போகிறது. இதை ‘வளிமண்டலச் சாளரம்’ என்பார்கள். வீட்டில் கதவெல்லாம் பாதி சாத்தியிருந்தாலும் காற்று வர ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருப்பதைப் போல.

சி.எஃப்.சி. மூலக்கூறில் கார்பனும் ஃப்ளூரினும், கார்பனும் குளோரினும் சேர்ந்திருக்கும் பிணைப்புகள் இதே 8–12 மைக்ரோமீட்டர் கதிரைத்தான் விழுங்குகின்றன. திறந்திருந்த ஒரே ஜன்னலில் போய் அது திரை கட்டுகிறது. கரியமில வாயு ஏற்கெனவே தன் பகுதியில் கெட்டியாகப் படிந்திருப்பதால் அங்கே இன்னொரு மூலக்கூறு சேர்ந்தால் கூடும் தடை குறைவு. யாருமே அடைக்காத இடத்தில் உட்காரும் சி.எஃப்.சி.யின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வலிமை அதிகம். ராமநாதனின் கணக்கில் ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு பத்தாயிரம் கரியமில வாயு மூலக்கூறுகளுக்கு ஈடாக நின்றது. காற்றில் நூறு கோடிக்கு 2 என்ற அளவை இவை எட்டினால் பூமியின் வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் கூடும்.

நூறு கோடிக்கு 2! கரியமில வாயு அப்போது பத்து லட்சத்துக்கு 331 இருந்தது. இத்தனை சொற்பமான ஒன்றுக்கு இத்தனை விளைவு இருக்க முடியுமா என்று துறையில் பலரும் திகைத்தார்கள். மற்றவர்கள் போட்ட கணக்கும் அவர் சொன்னதையே சொன்னது.

அந்த மூன்று பக்கத்தின் பெரிய விளைவு சி.எஃப்.சி.யோடு நிற்கவில்லை. கரியமில வாயு ஒன்றுதான் குற்றவாளி என்ற நினைப்பு மாறியது. நெல்வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் எரிவாயுக் குழாயிலும் இருந்து வரும் மீத்தேன், உரமிட்ட மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடு, கீழ்க்காற்றில் உருவாகும் ஓசோன் என்று ஒவ்வொன்றாகக் கணக்குக்குள் வந்தன. 1985இல் ராமநாதனும் ரால்ஃப் சிசரோனும் மற்ற இருவரும் எழுதிய கட்டுரை, இந்தச் சில்லறை வாயுக்கள் எல்லாம் சேர்ந்தால் வருங்காலத்தில் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்று காட்டியது. நூறாண்டு தொலைவில் இருப்பதாக நினைத்த ஆபத்து அதனால் பாதித் தொலைவுக்கு வந்துவிட்டது. முன்னதாக 1980இல் ரோலண்ட் மேடன் என்ற வேறோர் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் இன்னொன்றும் கணித்திருந்தார்: வெப்பமாதலின் அடையாளம் 2000ஆம் ஆண்டுக்குள் அளவீடுகளில் ஐயமின்றித் தெரியவரும். 2001இல் ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுக் குழுவின் அறிக்கை அதை உறுதிசெய்தது.

ஓட்டை தந்த அதிர்ச்சி

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் நுழைவதால்தான் பூமி சூடாகிறது என்று பள்ளிக் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இன்றும் கேட்கிறோம். அது சரியல்ல. ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் தரைக்கு வரும். தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர் பாதிக்கப்படும். பூமி சூடாவது வேறு வினை; அது வெளியேற வேண்டிய வெப்பம் தடைபடுவதால் நேர்வது. இரண்டு வினைகளையும் செய்யும் பொருள் ஒன்றாக இருப்பதால்தான் இரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன.

மக்களை உலுக்கியது முதல் வினைதான். 1985 மே மாதம் ஜோ ஃபார்மன், பிரயன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், அண்டார்க்டிகாவின் ஹேலி பே நிலையத்து அளவீடுகளை வெளியிட்டார்கள். தென்துருவத்தின் வசந்தகாலத்தில் ஓசோன் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 40 விழுக்காடு காணாமல் போயிருந்தது. எந்தக் கணிப்பும் இவ்வளவு மோசமாகச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஆண்டே சூசன் சாலமன் தலைமையில் ஒரு குழு அண்டார்க்டிகா சென்று, குளோரின்தான் காரணம் என்பதற்கான தடயங்களோடு திரும்பியது.

1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. மொலினாவும் ரோலண்டும் எச்சரித்து 13 ஆண்டு ஆகியிருந்தது. அதுவரை காரணம் நிரூபிக்கப்படவில்லை என்று வாதிட்ட டூபாண்ட், 1988இல் சி.எஃப்.சி. உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 1995இல் மொலினா, ரோலண்ட், இன்னொரு ஓசோன் ஆய்வாளரான பால் க்ரூட்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

லண்டனில் எழுந்த கேள்வி

மான்ட்ரியலில் ஒரு நியாயம் விடுபட்டிருந்தது. காற்றில் இருந்த சி.எஃப்.சி.யில் பெரும்பகுதியைப் போட்டவை பணக்கார நாடுகள். இந்தியாவிலும் சீனாவிலும் அப்போது பெரும்பாலான வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியே இல்லை. இனிமேல்தான் வாங்கப்போகிறவர்களிடம், விலை கூடிய புதிய வாயுவுக்கு மாறுங்கள் என்றால் அந்தச் செலவு யாருடையது? இரண்டு நாடுகளும் கையெழுத்திட மறுத்தன.

1990 ஜூனில் லண்டனில் கூடிய மாநாட்டில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி இந்த வாதத்தை விடாமல் முன்வைத்தார். பணமும் தொழில்நுட்பமும் வந்தால்தான் ஒப்பந்தம் என்றார். அங்கேதான் பலதரப்பு நிதியம் என்ற ஏற்பாடு பிறந்தது. வளர்ந்த நாடுகள் பணம் போடும்; அந்தப் பணத்தில் வளரும் நாடுகளின் தொழிற்சாலைகள் மாறும். கெடு தேதியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டது; இறுதியில் அது பணக்கார நாடுகளுக்கு 1996, மற்றவர்களுக்கு 2010 என்றானது. இந்தியா 1992இல் சேர்ந்தது. இந்த ஒப்பந்தத்தின் ஓசோன் செயலகத்தை 1991 முதல் 2000 வரை தலைமையேற்று நடத்தியவர் கே. மாதவ சர்மா என்ற இந்திய அதிகாரி.

விளைவு? உலகின் எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட முதல் ஐ.நா. சுற்றுச்சூழல் ஒப்பந்தம் இதுதான். சி.எஃப்.சி.-12இன் அளவு நூறு கோடிக்கு அரைப் பங்கைச் சற்றே தாண்டிய நிலையில் 2000களின் தொடக்கத்தில் நின்று, இறங்கத் தொடங்கியது. 2 என்ற அந்த எல்லையை அது தொடவே இல்லை. அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்பது ஐ.நா.வின் அண்மைய மதிப்பீடு.

ஓசோனுக்காகச் செய்த வேலை வெப்பத்துக்கும் உதவியது. நெதர்லாந்து ஆய்வாளர் குஸ் வெல்டர்ஸ் குழு 2007இல் கணக்கிட்டபோது, பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கவென்றே 1997இல் எழுதப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தின் முதற்கட்ட இலக்கைவிட ஐந்தாறு மடங்கு அதிகமான வெப்பத்தடையை மான்ட்ரியல் தவிர்த்திருந்தது.

இதில் ஏமாற்ற முயன்றவர்களும் உண்டு. 2018இல் சி.எஃப்.சி.-11 குறையும் வேகம் திடீரெனத் தளர்ந்திருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். யாரோ எங்கோ கள்ளத்தனமாகத் தயாரிக்கிறார்கள். தென்கொரியா, ஜப்பான் தீவுகளில் இருந்த அளவீட்டு நிலையங்கள் காற்று வந்த திசையைப் பின்தொடர்ந்து, அது பெரும்பாலும் கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று 2019இல் சொல்லிவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கசிவு நின்றது.

மாற்று கொண்டுவந்த சிக்கல்

சி.எஃப்.சி.யின் இடத்துக்கு வந்தவை முதலில் எச்.சி.எஃப்.சி., பிறகு எச்.எஃப்.சி. வகை வாயுக்கள். எச்.எஃப்.சி.யில் குளோரினே இல்லை. ஓசோனுக்கு ஒரு தீங்கும் இல்லை. ஆனால் கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு அப்படியே இருந்தது. அதாவது, ஜன்னலை அடைக்கும் திரை அப்படியே இருந்தது. ஏ.சி. மெக்கானிக்குகள் ‘நானூற்றிப் பத்து’ என்று சொல்லும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது இரண்டு டன் கரியமில வாயு கலந்ததற்குச் சமம். கார் ஏ.சி.யில் இருக்கும் ஆர்-134ஏ கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 டன்.

அறுபதைத் தாண்டிய ராமநாதன் மீண்டும் இந்த வாயுவிடமே திரும்பி வந்தார். 2009இல் ஒரு கட்டுரையில் அவரும் மொலினாவும் மாதவ சர்மாவும் கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தார்கள்: எச்.எஃப்.சி.யையும் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவாருங்கள். 2013இல் அவரும் வேறு ஆய்வாளர்களும் போட்ட கணக்கு, இதைச் செய்தால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை வெப்பம் தவிர்க்கப்படும் என்றது. பருவநிலைப் பேச்சில் அரை டிகிரி என்பது சிறிய அளவல்ல. உலகம் 1.5 டிகிரிக்குள் நிற்பதா 2 டிகிரிக்குப் போவதா என்று வாதாடிக்கொண்டிருப்பது அந்த அரை டிகிரிக்காகத்தான்.

2016 அக்டோபர் 15, ருவாண்டாவின் தலைநகர் கிகாலி. இரவெல்லாம் நடந்த பேச்சின் முடிவில், விடியற்காலையில், எச்.எஃப்.சி.யைப் படிப்படியாகக் குறைக்கும் திருத்தம் நிறைவேறியது. இங்கும் கெடு தேதிகள் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியா 2028இல் உயர்வை நிறுத்தி, 2047க்குள் 85 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும். 2021இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது.

கெடு தூரத்தில் இருக்கிறது. தேவையோ வாசலில் நிற்கிறது. 2024ஆம் ஆண்டு, பதிவுகள் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு. கோடை நீள நீள, ஏ.சி. வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை; 44 டிகிரியில் ஒரு முதியவரோ கைக்குழந்தையோ தூங்குவதற்குக் குளிர்ச்சி ஆடம்பரமல்ல. 2019இல் இந்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், இருபதாண்டுக்குள் நாட்டின் குளிரூட்டல் தேவை எட்டு மடங்காகும் என்று கணித்தது. சூடு கூடுவதால் ஏ.சி. கூடுகிறது. ஏ.சி. கூடுவதால் மின்சாரத்துக்கு நிலக்கரியும், கசிவில் வாயுவும் கூடுகின்றன. அதனால் மறுபடி சூடு கூடுகிறது. காரணமும் விளைவும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு சுற்றும் இந்த வட்டத்தை வெட்ட வேண்டிய இடம் கசிவுதான்.

மான்ட்ரியல் வென்றதைப் போலக் கரியமில வாயுவில் உலகம் ஏன் வெல்லவில்லை என்று கேட்கலாம். சி.எஃப்.சி. தயாரித்த நிறுவனங்கள் சில மட்டுமே. மாற்றுப் பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆபத்தை ஒரே படத்தில், துருவத்தின் மேல் ஓர் ஓட்டையாகக் காட்ட முடிந்தது. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. ரயில் முதல் உரம் வரை எல்லாவற்றிலும் கலந்திருக்கின்றன. மான்ட்ரியலில் கையெழுத்து விழுந்த 1987இல் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 349. 2024இல் 424. அந்த வரைபடம் ஓர் ஆண்டுகூட இறங்கவில்லை.

ஆனாலும் மான்ட்ரியல் ஒன்றை நிரூபித்தது. அறிவியல் சொன்னதைக் கேட்டு, செலவைப் பணக்காரர்கள் அதிகமாக ஏற்று, ஏமாற்றுகிறவரை அளந்து பிடித்து, உலகம் முழுவதும் ஒரு வாயுவைக் கைவிட முடியும். அது நடந்திருக்கிறது, நம் வாழ்நாளிலேயே நடந்திருக்கிறது. கரியமில வாயுவிலும் அதைச் செய்ய முடியாது என்பவர்கள் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. ஏ.சி.யில் குளிர் வரவில்லை என்றால் மெக்கானிக் பெரும்பாலும் சொல்வது, “கேஸ் தீர்ந்துபோச்சு, ஃபில் பண்ணணும்.” கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது. கசிவைத் தேடி அடைக்காமல் மறுபடி நிரப்பினால் அதுவும் அதே ஓட்டை வழியாகக் காற்றுக்குத்தான் போகும். முதலில் லீக்கைக் கண்டுபிடித்து அடையுங்கள் என்று கேளுங்கள். பழைய ஏ.சி.யைக் கழற்றும்போது வாயுவை வெளியே திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்கும்போது பின்புற லேபிளைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஆர்-600ஏ என்றும், ஏ.சி.யில் ஆர்-290 என்றும் இருந்தால், அவை கிலோவுக்குச் சில கிலோ கரியமில வாயு அளவுக்கே சூடாக்கும் ஹைட்ரோகார்பன் வாயுக்கள். ஆர்-32 என்றால் ஆர்-410ஏவில் மூன்றில் ஒரு பங்கு.

செகந்திராபாத்தில் ஓர் இளைஞருக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் இதுதான்: கசிவை நிறுத்துவது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

(தொடரும்)